நானூற்று எழுபத்தைந்து டிகிரிப் பொறாமை

என் தங்கையின் வேலை இரும்பைக் கண்ணாடியாக்குவது. உலோகக் குழாயும் தகடும் செய்யும் ஆலையொன்றின் சோதனைக்கூடத்தில் இருக்கிறாள். அங்கே அவளை எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உலோகத் துண்டை நாணய அளவுக்கு வெட்டி, கறுப்புப் பிசினில் பொத்தான் போலப் பதித்து, முதலில் சொரசொரப்பான தாளில் தேய்ப்பாள். பிறகு அதைவிட நயமான தாள், பிறகு அதைவிட நயமானது. தாள் மாறும்போதெல்லாம் துண்டைக் குறுக்கே திருப்பிப் பிடிக்க வேண்டும். பழைய கீறல் அத்தனையும் மறைந்து புதிய கீறல் மட்டும் தெரிந்தால்தான் அடுத்த தாளுக்குப் போகலாம். கடைசியாகச் சுழலும் வெல்வெட் துணியில் வெள்ளைப் பசை தடவி அழுத்தினால், இரும்புக்குள் நம் கண்ணிமை தெரியும்.

அவள் முதன்முதலில் மெருகேற்றிய துண்டு என் கடையில் இருக்கிறது. நான் தராசு பழுது பார்ப்பவன். எடைக்கற்கள் வைக்கும் பெட்டியில், பித்தளைக் கற்களின் பக்கத்தில், அதற்கென்று ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் குனிந்து அதில் மீசையைச் சரிசெய்துகொண்டு போவார்கள். "இது எத்தனை கிராம்?" என்று யாராவது கேட்டால், "அது எடைக்கல் இல்ல, என் தங்கச்சி" என்பேன். என் மனைவிக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே காதில் புகை வரும். "கட்டினவளுக்கு இந்தக் கடையில ஒரு போட்டோ உண்டா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்பது உண்மைதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உலோகக் கலவை பற்றி இதில் வருவதெல்லாம் தங்கை சொல்லி, நான் திரும்பக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டவை.

அவள் கணவர், என் மாப்பிள்ளை, அதே கூடத்தில் உலைக்காரர். அவருக்கு அங்கே 'கல்லுளி' என்று பெயர். கல்லுளிமங்கன் என்பதைச் சுருக்கி வைத்தது. ஒருமுறை சட்டைக் கையில் நெருப்புப் பிடித்தபோதுகூட "சட்டை" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னாராம். கல்யாணப் பேச்சு நடந்தபோது நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை நிரந்தரமா, குடிப்பழக்கம் இல்லையே, அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "பேச வருமா?" என்று கேட்டேன். அதற்கும் தலையாட்டினார். தங்கைக்கு அது பிடித்துப்போயிற்று.

உலைக்கூடம் நீளமான அறை. சன்னலோரம் பழைய உலை. அதன் சூட்டைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெட்டியில் குமிழைத் திருகி ஏற்றுவார்கள். முள் ஒன்று நகர்ந்து எத்தனை டிகிரி என்று காட்டும். எதையும் பதிந்து வைக்கும் கருவி அதில் கிடையாது. எதிரே பனிக்கட்டி போட்ட உப்புத்தண்ணீர்த் தொட்டி. மாப்பிள்ளை நீளமான இடுக்கியால் சிவந்த துண்டை எடுத்து, திரும்பி, தொட்டியில் போடுவார். புஸ்ஸென்று ஆவி எழும்பும். அந்தச் சத்தம் கேட்டால் நடைபாதையில் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். ஆலைக்கு விருந்தினர் வந்தால் நேரே அங்கேதான் அழைத்து வருவார்கள். என் தங்கையின் தேய்ப்பு மேசை தடுப்புக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்தபடி இருந்தது. அங்கே எந்த விருந்தினரும் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் கடை மேசையில் பித்தளைக் கற்களையும் இரும்புக் கற்களையும் ஒன்றாகக் கொட்டினாள். எனக்குப் பகீரென்றது.

"பயப்படாதே அண்ணா, திருப்பி அடுக்கிடறேன். பித்தளையை கோபால்ட்டுன்னு வச்சுக்கோ. இரும்பும் கோபால்ட்டும் பாதிக்குப் பாதி. நல்லா சூடேத்தினா இப்படிக் கண்டபடி கலந்து கிடக்கும். மெதுவா ஆறவிட்டியோ, ஒண்ணு விட்டு ஒண்ணு இடம் பிடிச்சு உட்கார்ந்துடும்." கற்களை மாற்றி மாற்றி வரிசையாக அடுக்கினாள்.

"ஒழுங்கா உட்கார்ந்தா நல்லதுதானே?"

"பார்வைக்கு நல்லது. ஆனா அந்த ஒழுங்குல யாரும் லேசா நகர முடியாது. நகர இடமில்லாதவன் மேல அடி விழுந்தா உடையத்தானே செய்வான்? அதனால இடம் பிடிக்கறதுக்குள்ள சடார்னு தண்ணில போட்டுடணும். கலைஞ்சது கலைஞ்சபடியே நின்னுடும். அப்புறம் உருளையில கொடுத்துத் தகடா இழுக்கலாம். கொஞ்சம் தாமதிச்சாலும் தகடு பிளந்துடும்."

"சரி, இந்தக் குரோமியம் குரோமியம்னு சொல்வியே, அது?"

"அது வேற குணம். இரும்புக்குள்ள கொஞ்சூண்டு குரோமியம் போட்டா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு உட்காராது. சுத்தி இரும்பை வச்சுக்கிட்டு மரியாதையா இருக்கும். நிறையப் போட்டு, மிதமான சூட்டுல, நானூத்தி எழுபத்தஞ்சு டிகிரின்னு வை, வாரக்கணக்குல வச்சுப் பாரு. மெல்ல மெல்லத் தன் ஆளுங்க பக்கமா நகர்ந்து தனிக்கட்சி ஆரம்பிச்சிடும். வெளில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒருநாள் சுத்தியலால தட்டினா ஓடு மாதிரி ரெண்டாயிடும்."

"அவ்வளவுதானா? குப்பையா?"

"அங்கதான் வேடிக்கை. இன்னும் மேல சூடேத்தினா எல்லாம் மறுபடி கலந்துடும். வாரக்கணக்குல பிரிஞ்சது கொஞ்ச நேரத்துல இல்லைன்னு ஆயிடும். குளிர்ந்து கிடந்தாலும் கெடாது, கொதிச்சாலும் கெடாது அண்ணா. கெடுக்கறது அந்த நடுச் சூடுதான்."

சொன்னபடி அவள் கற்களைத் திருப்பி அடுக்கவில்லை. நான்தான் அடுக்கினேன்.

உலைக்கூடப் பொறுப்பாளர் ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது, அந்த இடம் தனக்குத்தான் என்று மாப்பிள்ளையும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். அப்போதுதான் புதிதாக ஓர் இன்ஜினியரம்மா வந்தார். கோபால்ட்டுத் தகடு வேலை அவருடையது. தொட்டிக்குப் பக்கத்தில் புது உலை ஒன்றை நிறுவி, அதன் குமிழ்ப் பெட்டியைச் சுவரில் பழையதன் பக்கத்திலேயே மாட்டினார். ஆளாளுக்குத் துண்டை எடுத்துத் தண்ணீரில் போடச் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை போட்டவற்றில் பாதி உருளையில் பிளந்தது. தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தங்கையை, "நீங்களும் ஒரு தடவை போடுங்களேன்" என்று கூப்பிட்டார். அவள் போட்டது தாளாக நீண்டது. அடுத்ததும் நீண்டது. கைப்பழக்கந்தான். நாளெல்லாம் சின்னத் துண்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழகிய விரல்கள் அவளுடையவை.

அன்றிலிருந்து புது உலை அவளுக்கு. சன்னலோரப் பழைய உலையில் குரோமியத் துண்டுகளை வைத்து, நானூற்று எழுபத்தைந்திலேயே வாரக்கணக்கில் நிறுத்தச் சொன்னார்கள். கொதிக்கும் திரவம் ஓடும் குழாய்கள் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்கும் சோதனை அது. அதற்குக் காவல் மாப்பிள்ளை. முள் நகராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. புஸ் கிடையாது, ஆவி கிடையாது. வருகிற விருந்தினர்கள் இப்போது என் தங்கையைச் சுற்றி நின்றார்கள். அவர் முதுகுக்குப் பின்னால்.

பொறுப்பாளர் பதவிக்கும் தங்கையின் பெயர் அடிபட ஆரம்பித்தது.

மாப்பிள்ளை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பு வேலை முடிந்து இருவரும் ஒன்றாக நடந்து வருவார்கள். இப்போது அவர் நாலு எட்டு முன்னால் நடந்தார். வீட்டில் அவள் கேட்காமலே பாத்திரம் கழுவினார். ஏற்கனவே கழுவி வைத்ததையும் எடுத்துக் கழுவினார். எப்போதாவது ஒரு வாக்கியம் வரும். அதிலும் முள் இருக்கும். "உனக்கென்ன, நீ பெரிய இடம்." இல்லையென்றால், "கையை ஜாக்கிரதையா வச்சுக்கோ, விலை அதிகம்." அவள் சிரித்து மழுப்புவாள். நீறுபூத்த நெருப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்துவதை அப்போதுதான் பார்த்தேன்.

"அவருக்கு வயித்தெரிச்சல்" என்றாள் என் மனைவி.

"ஆம்பிளைக்கு எதுக்கு வயித்தெரிச்சல்?"

"ஆமா, உங்களுக்கெல்லாம் வயிறே கிடையாது பாருங்க."

அடுத்து நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனாலும் அது நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் கூடத்தில் இருந்தார். கழிவுப் பெட்டியிலிருந்து கோபால்ட்டுத் தகட்டின் வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்தார். யாரும் பார்க்காதபோது ஒரே ஒரு முறை புது உலையில் சூடாக்கி, தண்ணீரில் போட்டு, அது பிளக்காமல் நீள்வதைத் தானே பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. துண்டைப் புது உலைக்குள் வைத்தார். சூட்டை எண்ணூற்றைம்பதுக்கு ஏற்றினார். தொட்டிக்கு முன்னால் இடுக்கியோடு காத்து நின்றார். உலை சிவக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து முதுகுப் பக்கம் சுட்டது. திரும்பிப் பார்த்தால் சன்னலோர உலையின் பார்வைத் துளை செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் எந்தக் குமிழைத் திருகினாரோ, கை தானாகப் போய் அதே குமிழைத் திருகியிருந்தது. வாரக்கணக்கில் நானூற்று எழுபத்தைந்தில் காத்து வைத்த குரோமியத் துண்டுகள் அத்தனையும் எண்ணூற்றைம்பதில் கிடந்தன.

கதவைத் திறந்து ஆறவிட்டு, முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்து அறையிலிருந்து சாப்பாட்டு டப்பாக்களை மூடும் சத்தம் கேட்டது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர்தான் கல்லுளி ஆயிற்றே.

சில நாள் கழித்துத் துண்டுகளை வெளியே எடுத்தார்கள். சின்ன வட்டுகள் தங்கையிடம் வந்தன. அந்த வட்டுகளில் எண் பொறிக்க இடமில்லை. அவை இருக்கும் தகரச் சிமிழின் மேல்தான் எண் இருக்கும். வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பிசினில் பதித்துத் தேய்த்து மெருகேற்றி, வைர முனைக் கருவியால் ஒரு குழி குத்தினாள். இறுகிப்போன உலோகத்தில் குழி சின்னதாக விழும். பெரிதாக விழுந்தது. எல்லாத் துண்டிலும் அப்படியே. உயரத்திலிருந்து வீசி அடித்து உடைத்துப் பார்க்கும் ஊசல் சுத்தியலில் வைத்த நீளத் துண்டுகளும் ஓடு மாதிரி உடையவில்லை. நேற்றுச் செய்த இரும்பு போல வளைந்துகொடுத்தன.

இன்ஜினியரம்மா இரண்டு மூன்று தடவை அளந்து பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும் தங்கையைக் கேட்டார்: "உலையில வைக்காத உதிரித் துண்டுகள் உங்க டிராயர்லதானே இருந்துச்சு? சிமிழை மாத்திட்டீங்களா?"

"இல்லம்மா."

"நீளத் துண்டை வெட்டி அடுக்கினதும் நீங்கதானே?"

"நான்தான்."

"பின்ன இது எப்படி? உலை முள் நானூத்தி எழுபத்தஞ்சுலயேதான் நிக்குது. சூடு ஏறாம பழைய துண்டு புதுசா மாறுமா?" அவருக்கு மிகுந்த ஏமாற்றம். "இந்த மாதிரி கவனமில்லாம இருந்தா, உலைக்கூடத்தை எப்படிங்க உங்க கையில கொடுக்கறது?"

மாப்பிள்ளை சன்னலோரம் நின்றிருந்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கைக்கு அப்போதே எல்லாம் தெரியும். நானூற்று எழுபத்தைந்தில் கிடந்த துண்டின் மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். பதித்து வைக்கும்போதே பார்த்தாள், இவை அதைவிட அதிகம் சூடேறினால் வரும் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தன. புதுத் துண்டாக இருந்தால் வெள்ளையாக இருந்திருக்கும். ஏதோ அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிட்டாள். நீளத் துண்டுகளையும் சுத்தியலில் வைப்பதற்கு முன்னால் அவளே பளபளப்பாக்கியிருந்தாள். அத்தனை அக்கறையாகத் தேய்த்ததால் இப்போது அவளுக்குச் சாட்சி சொல்ல ஒரு துண்டு மிச்சமில்லை.

அவள் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவள் பெயர் போகும். அவரே சொல்வார் என்று காத்திருந்தாள். அவரோ வீட்டில் இன்னும் இரண்டு மடங்கு நல்லவரானார். பாத்திரம் கழுவினார், துணி துவைத்தார், அவளுடைய வேலைக் கோட்டுக்குப் பெட்டி போட்டார். ஒவ்வொரு உபகாரத்துக்கும் அவள் முகம் கறுத்தது. அந்த வார முடிவில் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. "நான் போய் அந்தாளை நாலு கேள்வி கேக்கறேன்."

"நீ கேட்டா தலையாட்டுவார். அவரா வாயைத் திறக்கணும் அண்ணா. அவர் வாய் திறக்கலைன்னா நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்."

என் மனைவி அவளுடைய பையை வாங்கி உள்ளே வைத்தாள். எவ்வளவு கனமான பை என்று கையிலேயே எடைபோட்டும் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் மாப்பிள்ளை வந்தார். கடைக்கு விடுமுறை. கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு நான் ஒரு தராசுக்கோல் தாங்கி ஆடும் கத்திமுனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தங்கை எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து உள்ளே வந்தார். கையில் மடிப்புக் கலையாத அவளுடைய வேலைக் கோட்டு.

"வீட்டுக்கு வா" என்றார்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா இருக்கறதுக்கு இங்கயே இடம் இருக்கு."

அவர் கோட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இந்தப் பெட்டி போடறது, பாத்திரம் கழுவறது, இதெல்லாம் யாருக்கு? எனக்கா, உங்க மனசாட்சிக்கா?"

அவர் கோட்டின் மடிப்பைக் கையால் நீவிவிட்டார்.

"வட்டு மேல சாம்பல் கலர் இருந்துச்சு. இந்தக் கையாலதான் தேய்ச்சு எடுத்தேன். அது யார் ஏத்தின சூடுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அங்கயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"நான் ஏன் சொல்லணும்? உங்களுக்கு வாய் இல்லையா? எங்க அண்ணன் அன்னைக்கே கேட்டுச்சு, பேச வருமான்னு!"

நான் எழுந்தேன். "மாப்பிள்ளை, முதல்ல உட்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க."

"அண்ணா, நீ சும்மா இரு! இப்பத்தான் சூடு ஏறுது, தண்ணி கொண்டு வராதே!"

அப்போதுதான் அவர் வெடித்தார். அந்தக் குரல் அவருக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

"ஆமாடி, ஏத்தினேன்! நான்தான் ஏத்தினேன்! புது உலைன்னு நினைச்சுப் பழைய உலையைத் திருகிட்டேன். ஏன் திருகினேன்? வயிறு எரிஞ்சுது! காலைல ஆணியில உன் கையுறை தொங்கறதைப் பார்த்தா எரியுது. தண்ணி புஸ்ஸுங்கற சத்தம் கேட்டா எரியுது. அது நான் நின்ன இடம். அங்க நீ நிக்கற. அதுவும் என்னைவிட நல்லா நிக்கற! மோசமா நின்னிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்!"

"எனக்கு மட்டும் எரியலையா?"

அவர் நின்றார். "உனக்கா?"

"எனக்குத்தான்! யார் வந்தாலும் 'வாங்க, எங்க உலையைப் பாருங்க.' கல்லுளி துண்டைப் போட்டா ஊரே வேடிக்கை பார்க்கும். நான் தடுப்புக்குப் பின்னால சுவரைப் பார்த்துக்கிட்டு, கையெல்லாம் கறுப்பா, கழுத்து ஒடிய ஒடியத் தேய்ச்சுக்கிட்டிருப்பேன். ஒருத்தராவது எட்டிப் பார்த்தாங்களா? நீங்க எட்டிப் பார்த்தீங்களா? கல்யாணமான நாள்லேருந்து எரியுது எனக்கு! முதல் துண்டு பளபளன்னு வந்த அன்னைக்கு ஓடிவந்து உங்ககிட்டதான் காட்டினேன். என்ன சொன்னீங்க?"

அவருக்கு நினைவில்லை.

"'ம்'ன்னீங்க. முள்ளைப் பார்த்துக்கிட்டே 'ம்'! அதான் அது எங்க அண்ணன் பெட்டிக்குள்ள கிடக்குது. உங்க சட்டைப் பையில இருந்திருக்க வேண்டியது!"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் அந்தத் துண்டை அவள் எனக்கென்றே கொண்டுவந்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். குரல் இன்னும் இறங்கவில்லை. "எரியுதுன்னு நீ சொல்லியிருக்கலாமே!"

"நீங்க சொன்னீங்களா?"

"நான் கல்லுளி! நீ?"

"நான் கல்லுளி பெண்டாட்டி!"

அவர் கையை ஓங்கி மேசைத் தராசின் தட்டில் ஒரு குத்து விட்டார். முள் கடைசிக் கோட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. அதன் சுருள்வில் அன்றோடு போயிற்று, இன்னும் அந்தத் தராசை விற்க முடியவில்லை. கதவுக்கு அடியில் பக்கத்துக் கடைக்காரரின் தலை தெரிந்தது.

"என்ன அண்ணே, ஏதோ விழுந்த சத்தம்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் என் மனைவி. "எடை சரிபார்க்கறாங்க. நீங்க போங்க."

தலை போயிற்று. அப்போதுதான் தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் அழவில்லை. ஆனால் காது நுனி வரை சிவந்திருந்தது. அவளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"நாளைக்குப் போய்ச் சொல்வீங்களா?"

தலையாட்டினார்.

"வாயால சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.

"சொல்றேன் மச்சான்."

மறுநாள் சொன்னார். தனியறைக்குப் போய் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஊசல் சுத்தியலுக்குப் பக்கத்தில், தங்கையை எல்லோரும் சந்தேகப்பட்ட அதே இடத்தில் நின்று, எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். என்ன செய்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தாலும் போதும். "பொறாமைல செஞ்சேன்" என்பதையும் சேர்த்தே சொன்னார் என்று தங்கை சொன்னபோது அவள் முகத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெருமை இருந்தது. அந்த மாதிரிப் பெருமையோடு அவள் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்ஜினியரம்மா ஒன்றும் இளகிவிடவில்லை. வாரக்கணக்கான வேலை வீணாயிற்று, ஆத்திரம் வரத்தானே செய்யும். தங்கையிடம் எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்து இரண்டு உலைகளையும் எடுத்துவிட்டார். மேலதிகாரியின் எச்சரிக்கையும் வந்தது. இப்போது அவர் ஊசல் சுத்தியலில் இருக்கிறார். உயரத்திலிருந்து சுத்தியலை விடுவித்துத் துண்டுகளை உடைக்கும் வேலை. உலைக்கூடப் பொறுப்பாளர் என் தங்கை. அவர் உடைக்க வேண்டியதை அவள்தான் அனுப்புகிறாள்.

இதோடு அவருடைய பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை புதிய பதவியில் தனக்குக் கொடுத்த மேசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று இழுப்பறையாம், பூட்டும் உண்டாம். அவர் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவள் பேச்சை நிறுத்தினாள்.

"என்னங்க, இப்ப எத்தனை டிகிரி?"

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "எண்ணூறு இருக்கும்."

"நிஜமாவா?"

"பூட்டு வேற குடுத்திருக்காங்கல்ல. எண்ணூத்தி அம்பது."

அவள் நிம்மதியாகப் பேச்சைத் தொடர்ந்தாள். வீட்டில் இப்போதெல்லாம் சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்களாம். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினால்தான் அவள் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடுகிறாள்.

குரோமியத் துண்டுகளைப் புதிதாக வெட்டி, சன்னலோர உலையில் மறுபடி வைத்தார்கள். இம்முறை சூட்டைப் பதிந்து வைக்கும் கருவியும் வந்துவிட்டது. வாரங்கள் கழிந்து முதல் துண்டைச் சுத்தியலில் வைத்தபோது கூடமே சுற்றி நின்றது. மாப்பிள்ளை நெம்புகோலை இழுத்தார். டக். துண்டு ஓடு போல இரண்டாகிப் பக்கத்துக்கு ஒன்றாகத் தெறித்தது. ஒரு பொருள் உடைந்ததற்கு அத்தனை பேர் கைதட்டி அவள் அதுவரை பார்த்ததில்லையாம். அளவெல்லாம் எடுத்து முடிந்தபின் இன்ஜினியரம்மாவைக் கேட்டு, ஒரு பாதியைத் தங்கை வாங்கிக்கொண்டாள். பழைய மேசையில், தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, தாள் தாளாக மாற்றி அதை மெருகேற்றினாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கடைசி வரை பார்த்தாராம். அந்தத் துண்டு இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அதன் கனத்தில் பையின் தையல் கீழ்ப்பக்கம் விட்டுப்போய்விட்டது.

போன வாரம் அவர் என் கடைக்கு வந்தார். எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வைத்தார். பிறகு பெட்டிக்குள் விரலைக் காட்டினார்.

"மச்சான், அந்த முதல் துண்டு..."

"எது?"

"இது. இது எனக்குன்னு கொண்டுவந்தது. அன்னைக்கே அவ சொன்னாளே."

"உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கே மாப்பிள்ளை?"

"அது ரெண்டாவது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அந்தத் துண்டை எடுத்துத் துணியால் துடைத்தேன். என் முகம் அதில் கொஞ்சம் இறுகித் தெரிந்தது. திரும்பவும் அதன் குழியிலேயே வைத்தேன்.

"'ம்'முன்னு சொன்னது நீங்கதானே?" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன்.